மாத்திரை பொடியானபோது: பல்கலைக்கழகத்தில் பணியிடப் பாதுகாப்பு எப்படி நடக்கிறது?

2015 மார்ச் மாதம். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் ஒரு செய்முறை வகுப்பு. காஃபின் உட்கொண்டால் உடற்பயிற்சியில் என்ன வித்தியாசம் தெரிகிறது என்று விளையாட்டு அறிவியல் மாணவர்களை வைத்துப் பார்க்கும் சோதனை. இரண்டு மாணவர்கள் தாங்களாகவே முன்வந்து காஃபின் கலந்த பானத்தைக் குடித்தார்கள். கொடுத்திருக்க வேண்டிய அளவு 0.3 கிராம். கொடுக்கப்பட்டது 30 கிராம். கைபேசியில் கணக்குப் போட்டபோது தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது. கிட்டத்தட்ட 300 கோப்பை காபியில் இருக்கும் காஃபின் ஒரே நேரத்தில் உடம்புக்குள் போனது. இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு, டயாலிசிஸ் செய்யப்பட்டு, உயிர் பிழைத்தார்கள். 2017 ஜனவரியில் நீதிமன்றம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது.

இதைக் கேட்டதும் பலர் சொல்வது, "கணக்குப் போட்டவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பதுதான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வழக்கில் வெளிவந்த இன்னொரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அங்கே அதற்கு முன்பு காஃபினை மாத்திரையாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பிறகு பொடிக்கு மாறியிருக்கிறார்கள்.

மாத்திரையாக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்குமா? 100 மில்லிகிராம் மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் 300 மாத்திரை எண்ணிப் போட வேண்டும். முதல் கைப்பிடி எடுக்கும்போதே யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். பொடியில் அப்படிச் சந்தேகம் வர வழியில்லை. தராசில் எண் தெரியும், கொட்டிக் கலக்கலாம், அவ்வளவுதான். அதாவது மாத்திரை என்ற வடிவமே அதுவரை யாருக்கும் தெரியாமல் ஒரு காவல்காரனாக நின்றிருக்கிறது. பொடிக்கு மாறிய நாளில் அந்தக் காவல் போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கணக்கை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்றோ, எந்த அளவைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்று எழுதி வைக்க வேண்டும் என்றோ யாருக்கும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தில் பணியிடப் பாதுகாப்பு என்ற பெரிய விஷயத்தை எங்கிருந்து பிடித்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியதை யார் கவனித்தார்கள்?

நம் ஊரிலிருந்து எம்.எஸ்சி., பிஎச்.டி. படிக்க பிரிட்டன் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் வாரத்திலேயே அவர்கள் கையில் "ரிஸ்க் அசெஸ்மென்ட்" என்று ஒரு படிவத்தைத் திணிப்பார்கள். அது என்ன, எதற்கு, யார் எழுத வேண்டும் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் பலர். அவர்களை மனதில் வைத்து, பிரிட்டனில் இது எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து சொல்கிறேன்.

ஒரே சட்டம், எல்லா வேலைக்கும்

பிரிட்டனில் ஒரு காலத்தில் தொழிற்சாலைக்கு ஒரு சட்டம், சுரங்கத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கும் கடைக்கும் ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. எந்த இயந்திரத்துக்கு எந்த இடத்தில் வேலி போட வேண்டும் என்பது வரை சட்டமே சொல்லும். சட்டத்தில் பெயர் வராத இடங்கள் வெளியே நின்றன. கல்வி நிலையங்கள் பெரும்பாலும் அப்படி வெளியே நின்றவைதான். 1970-இல் ராபென்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1972-இல் அறிக்கை வந்தது. அதன் சாரம் இதுதான்: விதிகள் மலைபோலக் குவிந்துகிடக்கின்றன, ஆனால் யாருக்கும் பொறுப்பு உறைக்கவில்லை. ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அதோடு வேலை செய்கிறவர்களும்தான் அதைக் கட்டுப்படுத்தும் முதல் பொறுப்பாளிகள்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1974-ஆம் ஆண்டின் பணியிட உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டம். இன்றும் அடித்தளம் அதுதான். இதில் ஒரு புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று பிரிவுகள். 2-ஆவது பிரிவு, வேலைக்கு வைத்திருப்பவர் தன் ஊழியர்களைக் காக்க வேண்டும் என்கிறது. 3-ஆவது பிரிவு, தன் ஊழியர் அல்லாத, ஆனால் அந்த வேலையால் பாதிக்கப்படக்கூடிய எல்லோரையும் காக்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வருவது பெரும்பாலும் இதற்குள்தான். காஃபின் குடித்த மாணவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. ஆனாலும் அவர்களுக்கு நடந்ததற்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 7-ஆவது பிரிவு ஊழியரைப் பார்த்துப் பேசுகிறது: உன்னையும் உன் செயலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களையும் நீ கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தில் அடிக்கடி வரும் சொற்றொடர், "நியாயமாக எவ்வளவு சாத்தியமோ அவ்வளவு". கேட்க வழவழவென்று இருக்கும். ஆனால் 1949-இல் ஒரு சுரங்க விபத்து வழக்கிலேயே நீதிமன்றம் இதற்குப் பொருள் சொல்லிவிட்டது. ஆபத்தை ஒரு தட்டில் வை, அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம் எல்லாவற்றையும் மறு தட்டில் வை. செலவுத் தட்டு ஆபத்தைவிட மிக மிக அதிகமாகத் தாழ்ந்தால்தான் செய்யாமல் விடலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பது சாக்கு ஆகாது.

பல்கலைக்கழகம் ஏன் தனி ரகம்

ஒரு சிமென்ட் ஆலையில் ஆபத்து பெரிது. ஆனால் நேற்று செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறார்கள். பல்கலைக்கழகம் அப்படி இல்லை. ஒரே வளாகத்தில் லேசர், பாக்டீரியா, அமிலம், லேத் பட்டறை, நாடக மேடை, நீச்சல் குளம், சமையலறை, மாணவர் விடுதி எல்லாம் இருக்கும். ஒரு சின்ன ஊரையே நிர்வகிப்பது போலத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆராய்ச்சி என்றாலே இதுவரை செய்யாததைச் செய்வது. நேற்றைய முறையை இன்று மாற்றாவிட்டால் அது ஆராய்ச்சியே இல்லை. ஆட்களும் மாறுவார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான புதிய முகங்கள். மூன்று, நான்கு வருடம் கற்றுத் தேறியவர் கிளம்பிவிடுவார், அவர் தலைக்குள் இருந்த எச்சரிக்கைகளும் அவரோடு கிளம்பிவிடும். இரவு இரண்டு மணிக்கும் ஆய்வகத்தில் விளக்கு எரியும். பேராசிரியருக்குத் தன் ஆய்வகம் தன் ராஜ்ஜியம் என்ற எண்ணம் இருக்கும். அறிவுச் சுதந்திரத்துக்காக வளர்ந்த பழக்கம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் எரிவாயு சிலிண்டருக்கு அந்தச் சுதந்திரம் தெரியாது.

சரி, இத்தனைக்கும் யார் பொறுப்பு? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "பாதுகாப்பு அலுவலகம்" என்று பதில் சொல்வார்கள். இது தவறான பதில், இந்தத் தவறுதான் நிறைய கேடு செய்கிறது. பாதுகாப்பு அலுவலகத்தில் இருப்பவர்கள் ஆலோசகர்கள். வழி சொல்வார்கள், பயிற்சி கொடுப்பார்கள், வந்து பார்ப்பார்கள், மோசமாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள். பொறுப்பு என்பது வேலையைச் சொல்கிறவர்களின் சங்கிலி வழியாக இறங்கி வருவது. நிர்வாகக் குழுவும் துணைவேந்தரும் மேலே. பிறகு புலத் தலைவர், துறைத் தலைவர், ஆய்வுக் குழுவை நடத்தும் பேராசிரியர். ஒரு வேலையை யார் கொடுக்கிறாரோ, அது பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. நீங்கள் பிஎச்.டி. மாணவராக இருந்துகொண்டு ஓர் இளங்கலை மாணவருக்கு ஒரு கருவியைக் காட்டிக் கொடுத்தால், அந்த மதியம் சங்கிலியின் ஒரு கண்ணி நீங்கள்தான்.

இந்தச் சங்கிலிக்குப் பக்கவாட்டில் இன்னொன்று உண்டு. 1977-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கலாம். அவர்கள் இடத்தைச் சோதிக்கலாம், விபத்தை விசாரிக்கலாம். இரண்டு பிரதிநிதிகள் எழுத்தில் கேட்டால் நிர்வாகம் பாதுகாப்புக் குழு அமைத்தே ஆக வேண்டும். துறைத் தலைவரிடம் நேரடியாகச் சொல்லத் தயங்கும் விஷயத்தை இவர்கள் மூலமாகக் கொண்டுபோகலாம் என்பது பல புதியவர்களுக்குத் தெரிவதே இல்லை.

அந்தப் படிவம்

இப்போது இடர் மதிப்பீட்டுக்கு வருவோம். ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆபத்து என்பது ஒரு பொருளுக்கோ வேலைக்கோ உள்ள, தீங்கு செய்யும் தன்மை. இடர் என்பது அந்தத் தீங்கு உண்மையிலேயே நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம் என்பது. கிணறு ஆபத்து. கைப்பிடிச் சுவர் கட்டி, மேலே கம்பி வலை போட்ட கிணற்றில் இடர் குறைவு. சுவரில்லாத கிணறு, பக்கத்தில் பள்ளிக்கூடம் என்றால் இடர் மிக அதிகம். கிணறு அதே கிணறுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். திரவ நைட்ரஜன். உயிரியல், இயற்பியல் ஆய்வகங்களில் தினமும் புழங்கும் பொருள். கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. புதியவர் ஒருவரிடம் இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், "தொட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும்" என்பார். உண்மைதான். அதனால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வார். ஆனால் உயிரை எடுப்பது வேறொன்று.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் நிற்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது 10 லிட்டர் கொட்டிவிட்டது என்று வைப்போம். 7,000 லிட்டர் வாயு. அறையின் கொள்ளளவு 22,500 லிட்டர். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தலை தெளிவாக வேலை செய்யாது, தான் ஆபத்தில் இருக்கிறோம் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. இதே 10 லிட்டர் ஒரு லிஃப்டுக்குள் கொட்டினால்? சின்ன லிஃப்டின் கொள்ளளவு 5,000 லிட்டர்தான் இருக்கும். வரும் வாயு அதைவிட அதிகம்.

இப்போது கட்டுப்பாடுகளை யோசிப்போம். இதற்கு ஒரு வரிசை உண்டு, அந்த வரிசை முக்கியம். முதல் கேள்வி, இது தேவையா? மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் போதும் என்றால் நைட்ரஜனே வேண்டாம். தேவை என்றால், குறைத்துக்கொள்ள முடியுமா? 10 லிட்டர் குடுவைக்குப் பதில் 2 லிட்டர். அடுத்து, இடத்தையே பாதுகாப்பாக மாற்ற முடியுமா? காற்றோட்டம், ஆக்சிஜன் குறைந்தால் அலறும் கருவி. அதன் பிறகுதான் நடைமுறை விதிகள்: லிஃப்டில் குடுவை மட்டும் தனியாகப் போகும், ஆள் படிக்கட்டில் போவார், நடுத் தளங்களில் யாரும் ஏறாதபடி அறிவிப்புப் பலகை இருக்கும். கடைசியில்தான் கையுறையும் முகக் கவசமும்.

கையுறையை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். அது குளிரைத் தடுக்கும். மூச்சுத்திணறலைத் தடுக்காது. பாதுகாப்பு என்றால் ஹெல்மெட், கையுறை, லேப் கோட் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. அவை வேண்டும். ஆனால் மற்ற எல்லாத் தடுப்பும் தோற்ற பிறகு மிச்சமிருக்கும் கடைசி வேலி அவை. அதையே முதல் வேலியாக நினைக்கும் ஆய்வகத்தைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள எந்த நிறுவனமும் இதன் முக்கிய முடிவுகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் படிவம். படிவம் என்பது யோசனையின் பதிவு மட்டுமே. யோசிக்காமல் பழைய படிவத்தின் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டால், கையில் இருப்பது வெறும் தாள். நான் இருந்த ஓர் ஆய்வகத்தில் வயதான டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். யார் படிவம் கொண்டுவந்தாலும் அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, "தாளைப் பார்க்காமல், என்ன செய்யப் போகிறாய், எங்கே தப்பாகப் போகலாம், போனால் என்ன செய்வாய் என்று சொல்" என்பார். சொல்ல முடிந்தால் கையெழுத்து. முடியாவிட்டால், "போய் எழுதிக்கொண்டு வா". முதல் தடவை என்னால் சொல்ல முடியவில்லை. நான் எழுதியிருந்தது முந்தைய மாணவருடைய படிவத்தின் நகல். இரண்டாவது தடவை நானே உட்கார்ந்து எழுதினேன். அப்போதுதான் நான் பயன்படுத்தப்போகும் கரைப்பான் வேறு என்பதே எனக்கு உறைத்தது.

அளவு மாறினால் வேலையே வேறு

அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2010 ஜனவரியில் நடந்த வெடிவிபத்தை இங்கே சொல்ல வேண்டும். வெடிக்கும் தன்மையுள்ள ஒரு சேர்மத்தை அங்கே ஒரு வேதியியல் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்பது குழுவில் வாய்வழியாக இருந்த விதி. எழுத்தில் இல்லை. எல்லாச் சோதனைக்கும் ஒரே தொகுதியிலிருந்து எடுத்தால் முடிவுகள் ஒத்துப்போகும் என்று மாணவர்கள் சுமார் 10 கிராம் தயாரித்தார்கள். 100 மடங்கு. அதை உரலில் போட்டு இடிக்கும்போது வெடித்தது. ஒரு மாணவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம்.

அமெரிக்க அரசின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் என்னை உறுத்திய விஷயம், அந்தக் குழுவில் அதற்கு முன்பும் சின்னச் சின்ன விபத்துகள் நடந்திருந்தன என்பது. அவற்றிலிருந்து பாடம் எழுதப்படவில்லை, பரப்பப்படவில்லை. ஒருவர் கற்றது அடுத்தவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நார்த்தம்ப்ரியாவில் 100 மடங்கு, இங்கேயும் 100 மடங்கு. எண்கள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் ஒரு வேலையின் அளவு மாறினால் அது புதிய வேலை, அதற்குப் புதிதாக யோசிக்க வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் விட்டுப்போனது. அளவு மட்டுமல்ல. ஆள், நேரம், இடம், கருவி, பொருள் வாங்கும் கடை என்று எது மாறினாலும் படிவத்தைத் திறக்க வேண்டும். பகலில் மூன்று பேர் இருக்கும்போது செய்த வேலையை இரவில் தனியாகச் செய்வது வேறு வேலை. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் பட்டறையில் தனியாக வேலை செய்த இளங்கலை மாணவி ஒருவர் லேத் இயந்திரத்தில் தலைமுடி சிக்கி இறந்தார். நிறுத்தும் பொத்தானை அழுத்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

மயிரிழையில் தப்பியது

நம் ஊரில் மயிரிழையில் தப்பினால் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்துவிடுவோம். தேங்காய் உடைக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதை எழுதியும் வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒரு படிவமோ இணையப் பக்கமோ இருக்கும். அடிபட்டால் மட்டுமல்ல, அடிபட்டிருக்கக்கூடும் என்ற நிலை வந்தாலும் பதிவு செய்யலாம்.

ஏன் என்பதற்கு ஹவாய் பல்கலைக்கழகத்தில் 2016 மார்ச் மாதம் நடந்தது சாட்சி. பாக்டீரியாக்களுக்கு ஊட்டுவதற்காக ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் ஒரே தொட்டியில் கலந்து வைத்திருந்தார்கள். தொட்டி வெடித்து ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு கையை இழந்தார். அதற்கு முன்பே சிறிய தொட்டி ஒன்றில் சின்ன வெடிப்பு நடந்திருந்தது. தொட்டியைத் தொட்டபோது சுரீரென்று ஷாக் அடித்ததும் உண்டு. விபத்து முன்கூட்டியே இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறது. அந்தத் தட்டலை எடுத்துக் கேட்டு, வேலையை நிறுத்தும் ஏற்பாடு இல்லை.

பதிவு செய்ய மாணவர்கள் தயங்குவதற்குக் காரணம் தெரிந்ததுதான். கைடு கோபித்துக்கொள்வாரோ, ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்களோ, விசாவுக்குப் பிரச்சினை வருமோ. அதனால்தான் நல்ல துறைகளில் முதலில் வரும் கேள்வி "எப்படி நடந்தது?" என்று இருக்கும், "யார் செய்தது?" என்று இருக்காது. முன்னதற்குப் பதில் கிடைத்தால் அடுத்த விபத்தைத் தடுக்கலாம். பின்னதை மட்டும் கேட்டால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடுமையான காயம் என்றால் இது உள் விவகாரம் அல்ல. எலும்பு முறிவு போன்றவற்றையும், ஊழியர் ஒருவர் 7 நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போகும் காயத்தையும் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ.-க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு விதி.

கதவுக்கு வெளியே இருப்பவர்கள்

1978-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜேனட் பார்க்கர் என்ற மருத்துவப் புகைப்படக் கலைஞர் பெரியம்மையால் இறந்தார். உலகில் பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் அவர்தான். அவர் அங்கிருந்த பெரியம்மை வைரஸ் ஆய்வகத்தில் வேலை செய்தவர் அல்ல. அவருடைய இருட்டறை அந்த ஆய்வகத்துக்கு மேல் தளத்தில் இருந்தது. ஆகஸ்ட் 11 அன்று காய்ச்சல் வந்தது, செப்டம்பர் 11 அன்று உயிர் பிரிந்தது. அந்த ஆய்வகம் அந்த ஆண்டு இறுதியிலேயே மூடப்பட இருந்தது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். கிருமி அவரை எந்த வழியாக அடைந்தது என்பதை நிரூபிக்க முடியவில்லை, பல்கலைக்கழகம் விடுவிக்கப்பட்டது. அந்த வழி இன்றுவரை திட்டவட்டமாக நிறுவப்படவில்லை.

இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் "யாருக்குத் தீங்கு வரலாம்?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "நான்" என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் ஜேனட் பார்க்கரை நினைத்துக்கொள்ள வேண்டும். மேல் தளத்தில் இருப்பவர், மாலையில் குப்பைக் கூடையைக் காலி செய்ய வரும் துப்புரவுப் பணியாளர், கூரை மேல் ஏறி, ஆய்வகத்தின் நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஏசி பழுது பார்க்கும் மெக்கானிக். இவர்களில் யாருக்கும் நீங்கள் இன்று என்ன கலக்குகிறீர்கள் என்று தெரியாது. உடைந்த கண்ணாடிப் பிப்பெட்டைச் சாதாரணக் குப்பைக் கூடையில் போட்டால், குத்துவது துப்புரவுப் பணியாளர் கையில். அவருக்கு அந்தப் பிப்பெட்டில் என்ன இருந்தது என்று மருத்துவரிடம் சொல்லக்கூடத் தெரியாது.

கட்டடமே ஆபத்தாக இருப்பதும் உண்டு. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999-இல். அதற்கு முன் கட்டிய கட்டடங்களில் அது சுவருக்குள், கூரைக்குள், குழாய் உறைக்குள் இருக்கலாம். தொந்தரவு செய்யாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. போஸ்டர் மாட்ட ஒரு துளை போட்டால் நுரையீரலுக்குக் கேடான அதன் நார்கள் காற்றில் பறக்கும். அதனால்தான் அங்கே ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கச் சொல்கிறார்கள்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கு

வரலாறு, கணிதம், இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாற்காலி, திரை, படிக்கட்டு, ஈரத் தரை, கள ஆய்வுப் பயணம் எல்லாம் இருக்கிறது. நாள் முழுக்கத் திரை முன் வேலை செய்யும் ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது 1992 முதல் விதி.

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது மன அழுத்தம். அதுவும் பணியிட உடல்நலத்தில் அடக்கம் என்பதை நம்மில் பலர் ஏற்றுக்கொள்ளவே நேரமாகிறது. அதே எச்.எஸ்.இ. அமைப்பு இதற்கு ஆறு அம்சங்களைப் பார்க்கச் சொல்கிறது: வேலைப் பளு, வேலையின் மீது உங்களுக்குள்ள பிடி, கிடைக்கும் ஆதரவு, சக மனிதர்களோடு உறவு, உங்கள் பொறுப்பு என்ன என்ற தெளிவு, மாற்றங்கள் கையாளப்படும் விதம். கடைசி அம்சத்தைப் பாருங்கள். இங்கேயும் மாற்றம்தான். ஒரு துறையை இன்னொன்றோடு இணைக்கிறார்கள், வேலை போகுமா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், வதந்தி மட்டும் சுற்றுகிறது. அங்கே இருக்கும் ஊழியருக்கு வரும் தூக்கமின்மையும் மேலாண்மை கவனிக்க வேண்டிய இடர்தான். யோகா வகுப்பு நடத்துவது இதற்குக் கையுறை மாட்டுவது போல. தவறில்லை, ஆனால் வரிசையில் கடைசி. பளுவைக் குறைப்பதும், என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வதும் அதற்கு முன் வர வேண்டும்.

கிளம்பும்போது

வரும்போது செய்ய வேண்டியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தீ விபத்து ஒத்திகை, முதலுதவிப் பெட்டி எங்கே, வெளியேறும் வழி எது, நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது என்பதையெல்லாம் முதல் வாரத்தில் நிச்சயம் சொல்லிவிடுவார்கள். கிளம்பும்போது செய்ய வேண்டியதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1968 முதல் இருந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஆண்டுகள் ஓடின. கருவி இரும்புப் பெட்டியாக ஓர் அறையில் நின்றது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். ஈயக் கவசத்துக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் கையில் எடுத்தவர்களில் ஒருவர் இறந்தார்; வேறு சிலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார்கள்.

அந்தக் கருவியை இயக்கியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஏலம் விட்டவர்களுக்கு அது எடைக்குப் போடும் இரும்பு. நடுவில் கால் நூற்றாண்டு.

ஒரு சராசரி ஆராய்ச்சி மாணவர் விட்டுப்போவது கோபால்ட் அல்ல. குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம் பத்துப் பதினைந்து பாட்டில்கள், மார்க்கர் பேனாவில் "ஏ-3, புதுசு" என்று எழுதியது. எழுதியவருக்கு மட்டும் புரியும். அவர் ஊருக்குப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் அதைத் திறந்து பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். அப்புறம் எதில் கொட்டுவது என்று தெரியாமல் ஏதோ ஒரு கழிவுக் கேனில் ஊற்றுவார், அதற்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. பல துறைகளில் கிளம்புகிறவருக்கென ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். எந்த பாட்டில், உள்ளே என்ன, எவ்வளவு, யாரிடம் ஒப்படைத்தேன் என்று அதில் எழுத வேண்டும். பட்டமளிப்பு, விமான டிக்கெட், அறையைக் காலி செய்வது என்று அந்தக் கடைசி வாரம் பறந்துகொண்டிருக்கும். அந்தப் பரபரப்பில் விட்டுப்போகும் வேலை இதுதான். அதனால் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காமல், இன்று ஒரு பாட்டிலை நிரப்பும்போதே பொருளின் முழுப்பெயர், தேதி, ஆபத்து, உங்கள் பெயர் நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அரை நிமிட வேலை.